நூறு கோடி கோடியே ஒன்று

கரும்பு வெட்டும் பருவத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஊரில் எல்லார் கல்யாணத்தையும் எழுதுகிறீர்கள். உங்கள் கல்யாணம் எங்கே?" நியாயமான கேள்விதான். ஆனால் என் கல்யாணத்தைச் சொல்ல வேண்டுமானால் ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். பெருக்கத் தெரிந்தால் போதும்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஃபிஜியில் தவுவா என்கிற ஊரில் நான் டைப்பிஸ்டாக வேலை பார்த்த வக்கீல் ஆபீசில், டெலிபோனுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை அரை நாள் என்பதால் வக்கீல் ஐயா முந்தின நாளே சாவியை என்னிடம் கொடுத்திருந்தார். வெட்டுக்கு முன்னால் தோகை எரிய, எங்கோ கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைத்திருந்தார்கள். கரி இழைகள் ஜன்னல் வழியாக வந்து மேசைமேல் விழுந்துகொண்டிருந்தன.

என் கையில் மளிகைக் கடைப் பையிலிருந்து கிழித்த பழுப்புத் தாள். அதில் நாலைந்து எண்கள்.

என் புருஷன் கோவிந்தசாமி நியூசிலாந்திலிருந்து பேசுவார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று நிமிடம். கல்யாணமாகி ஐந்து மாதம் சேர்ந்திருந்தோம். பிறகு ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் தவுவாவில் அம்மா வீட்டில், அவர் அங்கே. கடைசி இரண்டு முறையும் அவர் குரல் சரியில்லை. "நீ இங்கே வர வேண்டாம், அங்கேயே இருந்துவிடு" என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒற்றைக் காசு

ஃபிஜியில் எங்கள் ஜனங்கள் கல்யாணத்துக்கு மொய் வைத்தால் மேலே ஒன்று சேர்த்துத்தான் வைப்பார்கள். பத்து டாலர் என்றால் பதினொன்று. நூறு வைக்கிற பெரிய மனிதர் நூற்றொன்று வைப்பார். இந்தியாவிலும் உண்டு என்கிறார்கள். எங்கள் ஊரில் அதற்குச் சொல்கிற காரணம் இது: பத்தை இரண்டாகப் பிரிக்கலாம், பதினொன்றைப் பிரிக்க முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் அப்படிப் பிரியாமல் இருக்க வேண்டும்.

எங்கள் கல்யாணம் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த சில மாதங்களில் நடந்தது. எங்கள் ஊர்ப் பேச்சில் அதை 'கூ' என்போம். பிறகு வந்த கவிழ்ப்புகளைப் பார்த்தவர்களுக்கு முதல் கூவின் திகைப்பு புரியாது. ரேடியோவில் பாட்டு நின்று யாரோ ஒருவர் உத்தரவு வாசித்தார். எங்கள் அப்பா கரும்பு வெட்டுகிற கத்தியைக் கையில் வைத்தபடியே வாசலில் நின்று கேட்டார். பிறகு மறுபடி வெட்டப் போய்விட்டார். "அரே, எந்த ராஜா வந்தா இன்னா, கரும்பு காயுது" என்றார்.

ராத்திரியில் நடமாடக் கூடாது என்றிருந்ததால் முகூர்த்தம், சாப்பாடு எல்லாம் பகலிலேயே முடிந்தது. பாதி விருந்தாளிகள் வரவில்லை. வாத்தியார்களுக்குச் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். என் புருஷன் வாத்தியார். அவருடைய சிநேகிதர் ஆறுமுகம் மாஸ்டரும் வாத்தியார். இருவரும் பா ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்.

ஆறுமுகம் மாஸ்டர் மேடையேறி வந்தபோது கையில் மொய்க்கவர் இல்லை. ஒரு அட்டை. அதில் பெரிய பெரிய எழுத்தில் இப்படி எழுதியிருந்தது:

10000000000000001

முன்னால் ஒன்று, நடுவில் பதினைந்து பூஜ்யம், கடைசியில் ஒன்று. நம் கணக்கில் நூறு கோடி கோடியே ஒன்று.

அவருக்கு மைக் கிடைத்தால் விடமாட்டார். பிடித்துக்கொண்டார். "எல்லாரும் ஒண்ணு சேத்து வெக்கிறீங்க. சந்தோஷம். ஆனா பாத்து வெக்கணும். பதினொண்ணு ஒடயாது, நூத்தியொண்ணு ஒடயாது. ஆயிரத்தியொண்ணு வெச்சீங்களோ, ஏழு, பதினொண்ணு, பதிமூணுன்னு மூணா ஒடயும். பத்தாயிரத்தியொண்ணு எழுபத்திமூணால ஒடயும். பத்துக் கோடியே ஒண்ணு பதினேழால ஒடயும். அதனால நான் தேடித் தேடி ஒடயாத ஒண்ணு கொண்டாந்திருக்கேன். முந்நூறு வரைக்கும் எல்லா நம்பராலயும் போட்டுப் பாத்துட்டேன். அசையல. தங்கச்சி, இத எவனாலயும் பிரிக்க முடியாது!"

கைதட்டல். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அட்டையைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அம்மா இரண்டு ஓரத்திலும் இருந்த ஒன்றுகளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். இடதுபக்கத்து ஒன்று மாப்பிள்ளையாம், வலதுபக்கத்து ஒன்று நானாம். நடுவில் இருக்கிற பூஜ்யங்கள் யார் என்று நான் கேட்கவில்லை.

கப்பல் நம்பர்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எண்ணை வீட்டில் மாட்டி வைப்பது உங்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். எங்களுக்கு அப்படியில்லை. மதராசிலிருந்து கூலிக்குக் கையொப்பமிட்டுக் கப்பலேறி வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். பூட்டனுடைய ஊர்ப்பெயரை மறந்துபோன வீட்டிலும் அந்தக் கப்பல் நம்பர் மறந்திருக்காது. எங்கள் அப்பாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஆனால் தன் தாத்தாவின் நம்பரைப் பஞ்சாங்கம்போலச் சொல்லுவார்.

ஆறுமுகம் மாஸ்டர் இந்த நம்பர்களை ஊர் ஊராகக் கேட்டு வைத்திருந்தார். சிகடோகா பக்கம் காய்கறித் தோட்டம் வைத்திருந்த தன் அக்கா வீட்டுக்குப் போனால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேர் கேட்பதற்கு முன்னால் கப்பல் நம்பர் கேட்பார். கேட்டதும் கண்ணை மூடுவார். "உங்க பாட்டன் பத்தொம்போதால ஒடயறாரு" என்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் இடம் மாறி உட்காருவார்கள்.

பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் புத்தகங்களில் பகா எண், பகு எண் என்று எழுதியிருக்குமாம். எங்களுக்கு உடையாத நம்பர், உடையும் நம்பர். அவ்வளவுதான். இரண்டு சிறிய எண்களின் பெருக்கலாக எழுத முடிந்தால் உடையும், முடியாவிட்டால் உடையாது.

போனவர்

கல்யாணத்துக்குப் பிறகு ஊர் காலியாக ஆரம்பித்தது. முதலில் டாக்டர்கள் போனார்கள், பிறகு வாத்தியார்கள், பிறகு கடைக்காரர்கள். வக்கீல் ஆபீசில் நாள் முழுக்க நான் டைப் அடித்ததெல்லாம் போகிறவர்களின் பத்திரங்கள். வீட்டை விற்றது, மாட்டை விற்றது, பிறந்த தேதி சரிதான் என்று சத்தியம் செய்தது. கார்பன் மை விரல் நுனியிலிருந்து போகவே போகாது. சோறு பிசைந்தாலும் அந்த வாசனை.

என் புருஷனும் போனார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும், கிடைத்ததும் நான் அங்கே வருவதற்குக் காகிதம் அனுப்புவதாகச் சொன்னார். முதலில் உற்சாகமாகப் பேசினார். குளிரைப் பற்றிச் சொன்னார். பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் "எல்லாம் நடக்குது" என்று பேச்சை மாற்றினார். கடைசியில் பேச்சே குறைந்தது. மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் கம்பியின் இரைச்சலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "போனவன் போனதுதான்" என்றார்கள். அப்படிப் போய் அங்கேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்டவர்கள் பெயரை என் காதுபடச் சொன்னார்கள். அம்மா மட்டும் சட்டத்தைக் காட்டுவாள். "இது தொங்கறவரைக்கும் ஒண்ணும் ஆவாது."

எனக்கு அவள் நம்பிக்கையும் எரிச்சலாக இருந்தது. மாஸ்டர் முந்நூறோடு நிறுத்திவிட்டார் என்பது எனக்கு நினைவிருந்தது. பதினேழு இலக்க எண்ணுக்கு முந்நூறு எந்த மூலைக்கு?

ஞாயிற்றுக்கிழமை

அப்போது ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் நாள், பஸ் ஓடக் கூடாது, கடை திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். எங்கும் போக முடியாது. ஆண்கள் மாமர நிழலில் நங்கோனா என்கிற வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பெண்களுக்கு வழக்கமான அடுப்பு வேலைதான். நான் ஆறாம் பாரம் வரை கணக்குப் படித்தவள். மேலே படிக்க ஆசைப்பட்டேன், நடக்கவில்லை. அந்த ஆசைக்கு அன்றைக்கு வேலை கொடுத்தேன்.

பழுப்புத் தாளில், மாஸ்டர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். 307. மீதி வந்தது. 311. மீதி வந்தது. நீளமாக வகுத்துக்கொண்டே போனால் கை ஓய்ந்துவிடும் என்று ஒரு குறுக்கு வழி கண்டுகொண்டேன். முழு எண்ணையும் தூக்க வேண்டியதில்லை, மீதியை மட்டும் தூக்கினால் போதும். நூறை நூறால் பெருக்கினால் பத்தாயிரம். அதை அதனாலேயே பெருக்கினால் எட்டுப் பூஜ்யம். மறுபடி பெருக்கினால் பதினாறு பூஜ்யம். ஒவ்வொரு படியிலும் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் எண் கைக்கு அடங்கியே இருக்கும்.

அப்படி 353க்கு வந்தேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

பத்தாயிரத்தை 353 ஆல் வகுத்தால் மீதி 116. 116ஐ 116 ஆல் பெருக்கினால் 13456. அதை வகுத்தால் மீதி 42. 42ஐ 42 ஆல் பெருக்கினால் 1764. கடைசியில் இருக்கிற அந்த ஒன்றைச் சேர்த்தால் 1765. ஐந்து முந்நூற்றைம்பத்து மூன்று எவ்வளவு? 1765.

மீதி இல்லை.

திரும்ப ஒருமுறை போட்டேன், அதே 42, அதே 1765. முழுசாக வகுத்தேன். 28328611898017 என்று சுத்தமாக வந்து நின்றது. நூறு கோடி கோடியே ஒன்று உடைந்துவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் பயத்துக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. அதை மறைக்க மாட்டேன், அது சந்தோஷம். ஒன்றை 353 ஆல் வகுத்துக்கொண்டே போனேன். தசமப் புள்ளிக்குப் பின்னால் பதினாறு இலக்கம் வருகிறது: 0028328611898016. அடுத்த பதினாறு: 9971671388101983. இரண்டு வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். 28க்குக் கீழே 71. 32க்குக் கீழே 67. 86க்குக் கீழே 13. எங்கே கூட்டினாலும் தொண்ணூற்றொன்பது. பிறகு முதலிலிருந்து அதே வரிசை திரும்ப வருகிறது. யாரும் உட்கார்ந்து கோக்காத மாலை. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

வெறும் பூஜ்யங்கள் என்று நினைத்த எண்ணுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது.

அம்மாவின் தீர்ப்பு

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் வைத்த தாரோக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

"அம்மா, அந்த நம்பர் ஒடயுது."

அவள் கிழங்கைக் குத்திப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எதால ஒடயுது?"

"முந்நூத்தி அம்பத்திமூணால."

"ரெண்டால ஒடயுதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாடி? புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு. ரெண்டாப் பிரியக் கூடாது, அவ்ளோதான். முந்நூத்தி அம்பத்திமூணு பேராவா பிரியப் போறீங்க?"

சொல்லிவிட்டுக் கிழங்கை இறக்கி வைத்தாள். எத்தனையோ பேர் எழுதிய தத்துவங்களை இன்று நான் படிக்கிறேன். இந்த மாதிரி ஒரு பதில் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

நாலாவது கதவு

அடுத்த சனிக்கிழமை காலையில் லீவு போட்டுவிட்டுப் பா ஊருக்கு பஸ் ஏறினேன். மாஸ்டர் வீடு ரராவாய் சர்க்கரை மில்லுக்குக் கிட்டே. வெல்லப்பாகு வாசனை வீட்டுத் தலையணை வரைக்கும் இருக்கும். அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு மாடுகளுக்குக் கரும்புத் தோகை போட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டரண்ணே, மன்னிச்சிக்கோங்க. ஒங்க நம்பர் ஒடஞ்சிடுச்சு."

தாளை வாங்கிப் பார்த்தார். உதடு அசைந்தது. 116, 42, 1765. முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மேடையில் மைக் பிடித்துச் சொன்ன மனிதர். ஊருக்கு முன்னால் அவர் சொன்ன வார்த்தை பொய்யாகிவிட்டதே.

"அரே பாப்ரே!" என்று கத்தினார். மாடு மிரண்டது. "முந்நூத்தி அம்பத்திமூணா! இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருந்தா நானே பாத்திருப்பேன்! அண்ணி, வெளிய வா, தங்கச்சி பெரிய வேட்ட ஆடிட்டு வந்திருக்கு!"

தன் சம்சாரத்தை அவர் எங்களுக்காக 'அண்ணி' என்றுதான் கூப்பிடுவார். அந்த அம்மாள் வந்து எனக்கு டீ கொடுத்தாள். மாஸ்டருக்குக் கொடுத்த டீ ஆறிப்போனது.

தன் பேச்சு தவறாகிப்போனதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இந்தத் தொடரில் பல பெரிய மனிதர்களைப் பற்றி எழுதிவிட்டேன். என்னைக் கேட்டால் ஆறுமுகம் மாஸ்டர்தான் எல்லாரிலும் பெரியவர்.

என் இரண்டு வரி மாலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொடையில் தட்டினார். "பதினாறும் பதினாறும் முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு எலக்கத்துல சுத்தி வருது. முந்நூத்தி அம்பத்திமூணுல ஒண்ணு போனா முந்நூத்தி அம்பத்திரண்டு. அது முப்பத்திரண்டோட பதினோரு மடங்கு! தங்கச்சி, இத ஒடைக்கிற எந்த நம்பரும் அப்படித்தான் இருக்கும். ஒண்ணு கழிச்சா முப்பத்திரண்டால வகுபடணும். மத்ததெல்லாம் போட்டுப் பாக்கவே வேணாம்!"

எழுதிப் பார்த்தோம். அந்த விதிக்குள் வருகிற உடையாத எண்களில் முதலாவது 97. பிறகு 193. பிறகு 257. நாலாவது 353.

"நாலாவது கதவு" என்றார் மாஸ்டர். "நான் வீடு வீடா, தெரு தெருவா தட்டிக்கிட்டு இருந்திருக்கேன். தெரிஞ்சவன் போயிருந்தா நாலாவது கதவுலயே தெறந்திருக்கும்."

ஐந்தாவது கதவு 449. அதுவும் திறந்தது! 577 திறக்கவில்லை. 641 திறந்தது. மீதம் நின்றது 98428513. அதற்குமேல் உட்கார நேரமில்லை. தவுவா பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், டெலிபோன் வரும். மாஸ்டர் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே ஓடி வந்தார். கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டி என் தலையில் வைத்தார்.

"கோவிந்தசாமிகிட்ட சொல்லு. கட்டாயம் சொல்லு. எம் மானம் போனா போவட்டும்."

மூன்று நிமிடம்

இப்படித்தான் அந்தப் பழுப்புத் தாளோடு வக்கீல் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன்.

மணி அடித்தது. ஆபரேட்டர் பேசினாள். பிறகு அந்த இரைச்சல். அதற்குப் பின்னால் அவர்.

"சரஸு."

"சொல்லுங்க."

"நல்லாருக்கியா?"

"இருக்கேன்."

இரைச்சல். ஒரு நிமிடம் போயிருக்கும். "சரஸு, நான் ஒண்ணு சொல்லணும். கோவிச்சிக்காத. நல்லா யோசிச்சித்தான்..."

"ஆறுமுகம் மாஸ்டர் குடுத்த நம்பர் ஒடஞ்சிடுச்சு" என்றேன்.

"இன்னா?"

"நம்ம கல்யாண நம்பர். நாந்தான் ஒடச்சேன்."

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அவர் கேட்டார். அவருடைய பழைய குரல், வகுப்பில் கேள்வி கேட்கிற குரல்.

"எதால?"

"முந்நூத்தி அம்பத்திமூணு."

"இரு. பேசாத. பத்தாயிரத்துல போனா... நூத்திப் பதினாறு. அத மறுபடி... பதிமூவாயிரத்து நானூத்தி... நாப்பத்திரண்டு. நாப்பத்திரண்டு நாப்பத்திரண்டு ஆயிரத்து எழுநூத்தி அறுவத்திநாலு, ஒண்ணு சேத்தா..."

சிரிப்பு. கடல் தாண்டி வந்த சிரிப்பு. எத்தனை மாதமாயிற்று அதைக் கேட்டு. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அடிப்பாவி! மாஸ்டர் இன்னா சொன்னாரு?"

அவசர அவசரமாகச் சொன்னேன். முப்பத்திரண்டு விதியைச் சொன்னேன். 449, 641 என்று சொன்னேன். "மீதி ஒண்ணு நிக்குது. ஒம்பது எட்டு நாலு, ரெண்டு எட்டு, அஞ்சு ஒண்ணு மூணு. அது ஒடயுமா ஒடயாதான்னு தெரியல."

"திரும்பச் சொல்லு, எழுதிக்கிறேன்."

திரும்பச் சொன்னேன். கடைசி இலக்கத்தோடு லைன் அறுந்தது. அவர் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. நானும் அது என்ன என்று கேட்கவில்லை. மேசைமேல் விழுந்திருந்த கரியைக் கையால் துடைத்துவிட்டு ஆபீசைப் பூட்டினேன்.

பஸ்ஸில் போகாமல் அன்று நடந்தே வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் சொன்னதுபோல் அது உடையாத எண்ணாக இருந்திருந்தால், சட்டத்தில் மாட்டியதோடு அதன் கதை முடிந்திருக்கும். அதைப் பற்றிப் பேச எங்களுக்கு ஒரு வார்த்தைகூட இருந்திருக்காது. உடைகிற எண்ணாக இருக்கப்போய்த்தான் இவ்வளவு பேச்சு. அதன் துண்டுகளை எந்த வரிசையில் வைத்துப் பெருக்கினாலும் அதே எண்தான் திரும்ப வரும். வேறு துண்டுகளால் அதைக் கட்டவும் முடியாது. பதினொன்றுக்கும் நூற்றொன்றுக்கும் அப்பால், ஒன்று, பூஜ்யங்கள், ஒன்று என்று எழுதுகிற எண்களில் உடையாதது இன்னொன்றை இன்றுவரை யாரும் கண்டதில்லை என்கிறார்கள். பெரிய கம்ப்யூட்டர்களும் தேடிப் பார்த்துவிட்டனவாம்.

புதன்கிழமை

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கால்குலேட்டரை எடுத்தேன். எட்டு இலக்கம்தான் அதில் அடங்கும். மீதம் நின்ற எண்ணும் எட்டு இலக்கம். 673, 769, 929 என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். 1409இல் திறந்தது. உள்ளே 69857. அது உடையவில்லை. 97, 193, 257 மூன்றையும் போட்டுப் பார்த்தாலே போதும், அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை.

புதன்கிழமை ஆபீஸ் நிறைய ஆட்கள். கனடா போகிறவர்கள், சிட்னி போகிறவர்கள், பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். டெலிபோன் அடித்தது. வக்கீல் ஐயா எடுத்துக் கேட்டுவிட்டு ஆச்சரியத்தோடு என்னிடம் நீட்டினார். அது நாங்கள் பேசுகிற நாளே இல்லை. யாருக்கோ உடம்புக்கு என்னவோ என்று பதறிப்போய் வாங்கினேன்.

"ஆயிரத்து நானூத்தி ஒம்பது!" என்றார் என் புருஷன்.

"எனக்குத் திங்கக்கெழமயே வந்திடுச்சு" என்றேன்.

"வந்திடுச்சா? கால்குலேட்டர்லதானே போட்ட?"

"ஆமா. நீங்க?"

"காயிதம்கூட இல்ல சரஸு. மனசாலயே போட்டேன்! பெல்ட்டுல பழம் அதும்பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும், கை அதும்பாட்டுக்கு அடுக்கும். நான் ஒவ்வொண்ணா..."

அங்கே நின்றுவிட்டார்.

"இன்னா பழம்?" என்றேன்.

இரைச்சல்.

"கிவிப் பழம்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நான் ஸ்கூல்ல இல்ல சரஸு. வந்ததுலேருந்தே இல்ல. நம்ம சர்டிபிகேட்ட இங்க எடுத்துக்கல. பழத்த டப்பாவுல அடுக்கற வேல. அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன். வாத்தியார் பொண்டாட்டின்னு எல்லாரும் மதிக்கிற எடத்துல நீ இருக்க. இந்தக் குளிர்ல, இந்த வேலயப் பாத்துக்கிட்டு நிக்கறவன்கிட்ட ஒன்ன எப்படி வரச் சொல்றது? நீ அங்கயே இருந்துடு, ஒங்கப்பா வேற எடம் பாக்கட்டும்னு சொல்லத்தான்..."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அவர் பழம் அடுக்குவதில் இல்லை. ஒரு வருஷமாக அதை ஒற்றை ஆளாக வைத்துக்கொண்டு குளிரில் நின்றாரே, அதில் வந்த கோபம். பெஞ்சில் இருந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இந்தி பேசுகிறவர்கள், தமிழ் தெரியாது. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

"அந்தப் பெல்ட்டுல பொம்பளைங்க நிக்கறாங்களா?" என்று கேட்டேன்.

"நிக்கறாங்க. டோங்கா, சமோவாப் பொம்பளைங்க. ஏன்?"

"இன்னும் ஒரு ஆள் நிக்க எடமிருக்கா?"

மூன்று நிமிடம் முடியப் போவதாக ஆபரேட்டர் குறுக்கே வந்து சொன்னாள்.   நான் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கு" என்றார். "எம் பக்கத்துலயே இருக்கு."